நோய் போன பின்னும் நிற்கும் நரம்பு வலி
(பெரியவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டிய பாடம்)

இப்படி ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பாருங்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெரியவர் ஒருவர் வீடு திரும்பியிருக்கிறார். கடைசி மருந்தும் ஏற்றி முடிந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இப்போது கட்டி தெரியவில்லை; இனி மூன்று மாதத்திற்கு ஒரு முறை வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உறவினர் வந்து நலம் விசாரித்துப் போகிறார்கள். ஆனால், இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெரியவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன வாப்பா, தூக்கம் வரவில்லையா?" என்று மகன் கேட்டால், "ஒன்றுமில்லை, வயசாகிவிட்டதல்லவா!" என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறார்.

இந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லைப் பற்றித்தான் நாம் இந்தப் பாடத்தில் பேசப்போகிறோம். அவர் காலில் இருப்பது வயசு அன்று. அதற்கு ஒரு பெயர் உண்டு, காரணம் உண்டு, ஓரளவு பரிகாரமும் உண்டு. ஆனால் அவர் வாய் திறந்து சொன்னாலன்றி அந்தப் பரிகாரம் அவரைத் தேடி வராது.

வலி எப்படி இருக்கும்?

அடிபட்ட வலியும் நரம்பு வலியும் ஒன்றல்ல. விரலில் கத்தி பட்டால் காயத்தில் வலிக்கிறது; காயம் ஆறினால் வலியும் போய்விடுகிறது. நரம்பே கெட்டுப்போனாலோ, காயம் எதுவும் இல்லாமலேயே வலி தோன்றும். தந்திக் கம்பி பழுதானால் யாரும் செய்தி அனுப்பாமலே மணி அடிப்பது போன்றது அது.

இவ்வலி உள்ளவர்கள் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் இவைதாம்: எரிகிறது, ஊசி குத்துகிறது, எறும்பு ஊர்கிறது, மின்சாரம் பாய்கிறது, மரத்துப் போகிறது, பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கிறது. முதலில் கால் விரல்களில் தொடங்கி, உள்ளங்காலுக்கும் கணுக்காலுக்கும் ஏறும். பிறகு கை விரல்களிலும் தோன்றும். காலுறையும் கையுறையும் மூடும் இடங்கள் எவையோ, அவையே இந்நோய் பிடிக்கும் இடங்கள். இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். இரவில் அதிகமாகத் தெரியும். சிலருக்குப் போர்வை பட்டாலும் பொறுக்க முடியாது. வேறு சிலருக்கு வலியே இராது. உணர்ச்சி மட்டும் குறைந்துவிடும். காலிலிருந்து சப்பாத்து கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நாலு எட்டு நடந்துவிடுவார்கள். வலியில்லை என்பதால் இது சிறிய குறை என்று எண்ணிவிடக் கூடாது. உணர்ச்சியற்ற கால்தான் எளிதில் தடுக்கி விழும், எளிதில் புண்படும்.

ஏன் உண்டாகிறது?

நம் நாட்டு வீடுகளின் வாசலில் வளரும் நித்தியகல்யாணிச் செடியை அறியாதவர் இல்லை. மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி அது. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை 1963-ம் ஆண்டு அமெரிக்க அரசு அங்கீகரித்தது. இரத்தப் புற்றுநோய் முதலியவற்றிற்கு இன்றும் அது பயன்படுகிறது. பிளாட்டினம் என்னும் உலோகத்திலிருந்து செய்த சிஸ்பிளாட்டின் 1978-ம் ஆண்டும், யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்த பாக்லிடாக்ஸல் 1992-ம் ஆண்டும் அங்கீகாரம் பெற்றன. இம்மருந்துகளால் உயிர் பிழைத்தவர்கள் பல இலட்சம் பேர். அவற்றைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் அவை நரம்பையும் தொடுகின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

எவ்வாறு தொடுகின்றன? நம் முதுகுத்தண்டின் அருகிலிருந்து கால் விரல் வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த இழையின் உள்ளே மிக நுண்ணிய குழாய்கள் தண்டவாளம் போல அமைந்திருக்கின்றன. நரம்புக்கு வேண்டிய சத்துகள் அவற்றின் வழியாகவே விரல் நுனி வரை போய்ச் சேருகின்றன. புற்றுநோய் அணு இரண்டாகப் பிளந்து பெருகுவதற்கும் அதே வகைக் குழாய்கள் வேண்டும். வின்கிரிஸ்டின், பாக்லிடாக்ஸல், டோசிடாக்ஸல் ஆகியவை அக்குழாய்களைத் தாக்கியே நோயை அடக்குகின்றன. அடக்கும்போது நரம்பின் தண்டவாளமும் சேதமடைகிறது. நீண்ட பாதையில் உள்ள கடைசி நிலையத்திற்குத்தானே முதலில் சரக்கு வராமல் போகும்! அதனால்தான் கால் விரல் முதலில் பாதிக்கப்படுகிறது. சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் ஆகிய பிளாட்டின மருந்துகள் முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பணுக்களையே தாக்குகின்றன. எலும்பு மச்சைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டிசோமிப், தாலிடோமைடு ஆகியவற்றாலும் இத்தொல்லை உண்டாகலாம்.

இங்கே இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று: பிளாட்டின மருந்துகளை நிறுத்திய பின்னும் சில மாதங்கள் வரை மரப்பும் எரிச்சலும் அதிகமாகிக்கொண்டே போகலாம். "மருந்தை நிறுத்தியாயிற்றே, ஏன் கூடுகிறது? நோய் திரும்பிவிட்டதோ?" என்று பலர் அஞ்சுகிறார்கள். இது அம்மருந்தின் இயல்பு; இருந்தாலும் டாக்டரிடம் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வதே சரி. இரண்டு: ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஐஸ் தண்ணீரோ தே ஓ ஐஸோ குடித்தால் தொண்டை இறுகுவது போலிருக்கும்; குளிர்ப்பெட்டியிலிருந்து மீனை எடுத்தால் விரல்களில் சுரீர் என்று மின்சாரம் பாயும். அந்நாட்களில் வெதுவெதுப்பானதையே குடிப்பதும், குளிர்ப்பெட்டியைத் திறக்கக் கையுறை போடுவதும் நல்லது.

மருந்து மட்டுமே காரணம் என்பதில்லை. மார்புப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது அக்குள் வழியாக ஓடும் நரம்பு அறுபட்டால், கையின் உட்புறத்திலும் மார்பிலும் எரிச்சல் நிற்கலாம். நுரையீரலுக்காக விலாவைத் திறந்தவர்களுக்கு விலாவோரம் வலிக்கலாம். கதிர்ச் சிகிச்சையினால் நரம்புக்கு வரும் சேதமோ, சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். ஆகவே, எப்போதோ செய்த சிகிச்சைதானே என்று அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

முதியோருக்கு ஏன் கூடுதல் கவனம்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் பெரியவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் நிறைய. நீரிழிவே நரம்பைக் கெடுக்கும். அதன் மேல் புற்றுநோய் மருந்தும் சேர்ந்தால் பாதிப்பு இரட்டிப்பாகும். மேலும், நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 என்னும் வைட்டமின் குறையக்கூடும். அக்குறையும் இதே மரப்பையும் எரிச்சலையும் தரும். அதை ஓர் இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்கலாம், சுலபமாகத் தீர்க்கலாம். காலில் எரிச்சல் என்றவுடன் எல்லாவற்றையும் புற்றுநோய் மருந்தின் தலையில் சுமத்தாமல், சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிக்கும்படி கேட்பது அவசியம்.

இன்னொன்று விழுதல். இளைஞன் தடுக்கி விழுந்தால் எழுந்து போகிறான். எழுபது வயதானவர் குளியலறையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. அதன் பின் நடை போகிறது. புற்றுநோயை வென்றவர் குளியலறைத் தரைக்குத் தோற்பதா?

சொல்லாமல் பொறுப்பது பொறுமையா?

நம் பெரியவர்கள் ஏன் சொல்வதில்லை? மூன்று காரணங்கள் உண்டு. "உயிர் கிடைத்ததே பெரிது, இதற்கும் குறை சொல்வதா?" என்ற எண்ணம் ஒன்று. பிள்ளைகளுக்கு மேலும் செலவும் சிரமமும் வைக்கக் கூடாது என்ற தயக்கம் ஒன்று. சொன்னால் டாக்டர் மருந்தை நிறுத்திவிடுவார், நோய் வளர்ந்துவிடும் என்ற பயம் ஒன்று.

முதல் இரண்டும் நல்ல மனத்திலிருந்து வருபவை. எனினும், நெருப்பில் கால் பட்டவன் காலை எடுக்காமலிருப்பது பொறுமையாகாது. மூன்றாவது பயத்திற்கு நேரான விடை உண்டு. இந்நரம்புக் கேட்டை வராமல் தடுக்கும் என்று உறுதியாக நிலைநாட்டப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஆகையால், சிகிச்சை நடக்கும்போதே டாக்டரிடம் உள்ள முக்கியமான வழி, அளவைக் குறைப்பது, சில நாள் தள்ளிக் கொடுப்பது, அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவதே. இதனால் வரும் நன்மை எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். நோயாளி மறைத்தால் தராசின் ஒரு தட்டு காலியாக இருக்கும். டாக்டர் எப்படிச் சரியாக நிறுப்பார்?

சொல்லும் முறையும் முக்கியம். "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. என்ன வேலை செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? பேனாவோ சாவியோ கையிலிருந்து நழுவுகிறதா? படி இறங்கும்போது காலின் கீழே படி தெரிகிறதா? இரவில் எத்தனை முறை வலி எழுப்புகிறது? கடந்த மாதத்தில் விழுந்தீர்களா, விழப் பார்த்தீர்களா? இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால், பத்து நிமிடச் சந்திப்பில் ஒரு மணி நேர விஷயத்தைச் சொல்லிவிடலாம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கிய நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவும் மறக்க வேண்டாம்.

மருந்துகள் என்ன செய்யும்?

உள்ளதை உள்ளபடி சொல்வோம். கெட்ட நரம்பைப் புதிதாக்கும் மாத்திரை இன்று இல்லை. பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தானே குறைகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. மருந்துகள் வலியைத் தணிக்கும். மரப்பை அவ்வளவாக மாற்றுவதில்லை.

கீமோவினால் வந்த நரம்பு வலிக்கு நல்ல சான்று உள்ள மருந்து டுலாக்ஸெட்டின். 2013-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்றில் 231 நோயாளிகள் பங்கு கொண்டனர். முதல் வாரம் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமும், பின் நான்கு வாரம் 60 மில்லிகிராமும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 59 பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 பேர் அப்படிச் சொன்னார்கள். அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2020-ம் ஆண்டு புதுப்பித்த வழிகாட்டியிலும் இவ்வலிக்குப் பரிந்துரைத்தது இந்த ஒன்றையே. இது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து. அதனால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபிக்க வேண்டாம். வலிச் செய்தியை அடக்கும் நரம்பு வழிகளையும் இது பலப்படுத்துகிறது என்பதே காரணம்.

இம்மருந்தில் முதியோர் கவனிக்க வேண்டியவை உண்டு. குமட்டலும் தலைசுற்றலும் வரலாம். இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து மனக்குழப்பம் தோன்றலாம். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் இது ஆகாது. மார்புப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏனெனில் டமாக்ஸிஃபென் உடலில் மாறிச் செயல்படுவதை இது ஓரளவு தடுக்கக்கூடும். டுலாக்ஸெட்டினைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

காபாபென்டின், பிரிகாபாலின் ஆகியவற்றையும் டாக்டர்கள் கொடுப்பதுண்டு. நீரிழிவு நரம்பு வலிக்குப் பயன்படுபவை இவை. கீமோ வலிக்கு இவற்றின் சான்று அவ்வளவு பலமில்லை. சிறுநீரகத்தின் வலிமைக்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். இல்லையேல் மயக்கமும் தள்ளாட்டமும் கால் வீக்கமும் வரும். அமிட்ரிப்டிலின் பழைய மருந்து. ஆனால் வயதானவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் உண்டாக்குவதால் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் வலி இருந்தால், தோலின் மேல் ஒட்டும் மரப்பு மருந்துப் பட்டை பற்றிக் கேட்கலாம். கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அதிகம் உதவுவதில்லை. நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும்.

எந்த மருந்தானாலும் முதியோருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுவதே முறை. சில வாரம் பார்த்தும் பயனில்லையானால், அதை வைத்துக்கொண்டே இன்னொன்றைச் சேர்க்காமல், படிப்படியாக நிறுத்தி மாற்றும்படி கேட்க வேண்டும். நோன்பு காலத்தில் மருந்தைத் தாமே விட்டுவிடுவதும் ஆபத்து. டுலாக்ஸெட்டின் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை; காபாபென்டின் வழக்கமாக மூன்று முறை. ஆகவே ரமளானுக்கு முன்பே டாக்டரைக் கண்டு, நோன்பு வைக்கத் தக்க உடல்நிலைதானா, மருந்து நேரத்தை மாற்றலாமா என்று தெளிந்துகொள்க.

"நரம்புக்கு நல்லது" என்று விற்கும் சத்து மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். அசெட்டில் கார்னிடின் என்பதை மார்புப் புற்றுநோய்ப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2013-ம் ஆண்டு வெளியாயிற்று. அதைச் சாப்பிட்டவர்களுக்கு நரம்புக் கேடு கூடியதே தவிரக் குறையவில்லை. பி6 வைட்டமினை அளவுக்கு மீறி நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நித்தியகல்யாணியிலிருந்து மருந்து வந்ததென்று கேட்டுவிட்டு அச்செடியை அவித்துக் குடிப்பதோ நஞ்சைக் குடிப்பதாகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நாள்தோறும் படுக்குமுன் இரு கால்களையும் விரலிடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. கொப்புளமோ வெடிப்போ கண்டால் அன்றே கவனிக்க வேண்டும்.

வெந்நீரைக் காலாலோ விரலாலோ சோதிக்காதீர்கள், முழங்கையால் சோதியுங்கள். எரிச்சலுக்குச் சுடு ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். எண்ணெய் தடவி மெதுவாக நீவுவதில் தவறில்லை. ஆனால் அதன் பின் காலைத் துடைக்காமல் நடந்தால் வழுக்கும்.

வீட்டுக்குள்ளும் பின்புறம் பட்டையுள்ள, அடி வழுக்காத காலணி அணிவது நல்லது. ஜப்பான் சிலிப்பர் இவர்களுக்கு ஏற்றதன்று. கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு எரியட்டும். உணர்ச்சி குறைந்த காலுக்குக் கண்தான் துணை. சிறு பாய்களையும் மின்கம்பிகளையும் வழியிலிருந்து அகற்றுங்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டில் வசிக்கும் முதியோருக்குக் குளியலறைக் கைப்பிடிகளும் வழுக்காத தரைப் பூச்சும் அமைத்துத் தர அரசாங்க மானியம் 2012-ம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. மலேசியாவில் உள்ளவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் கேட்டு, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்பும்படி கோரலாம்.

பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கும் சில சொற்கள். நண்பகலில் வெளித்தளம் நெருப்பாகக் காயும். மரத்த காலுக்கு அது தெரியாது. காலணியை வாசற்படிக்கு மிக அருகில் கழற்றுங்கள். ஒளூச் செய்யும் இடத்தில் உட்கார்ந்தே செய்யுங்கள். ஒற்றைக் காலில் நின்று மறு காலைக் கழுவ வேண்டாம். கழுவிய பின் விரலிடுக்கை நன்றாகத் துடையுங்கள். நிற்கத் தள்ளாடினால் நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பள்ளி நிர்வாகிகள் ஒளூ இடத்தில் ஓர் இருக்கையும் ஒரு கைப்பிடியும் வைத்தால், எத்தனையோ பெரியவர்களின் எலும்பைக் காத்தவர்கள் ஆவார்கள்.

வலிக்கிறதென்று படுத்தே இருப்பது தசையையும் இழக்கச் செய்யும். நாள்தோறும் சமதரையில் சிறிது தூரம் நடப்பதும், நாற்காலியிலிருந்து பிடிக்காமல் எழுந்து உட்காருவதும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்தி இறக்குவதும் நல்ல பயிற்சிகள். இவை நடையையும் நிலையையும் உறுதிப்படுத்தும். தொடங்குமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

நரம்பு வலி மெல்ல வருவது. கீழ்க்கண்டவை அப்படிப்பட்டவை அல்ல: முதுகில் புதிதாக வலி தோன்றி நாளுக்கு நாள் கூடுதல், கால்கள் திடீரெனப் பலமிழத்தல், சிறுநீரோ மலமோ அடங்காமற்போதல் அல்லது வராமற்போதல், தொடையிடுக்கில் உணர்ச்சியின்மை. இவை முதுகுத்தண்டு அழுத்தப்படுவதன் அடையாளங்களாக இருக்கலாம். அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் தாமதம் நடையைப் பறித்துவிடும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "வாப்பா, நேற்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள்?" என்று கேளுங்கள். "உம்மா, காலை இங்கே நீட்டுங்கள், பார்க்கிறேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். வெளியில் காயம் தெரியவில்லையே என்று சந்தேகிக்காதீர்கள். நரம்பு வலி கண்ணுக்குத் தெரிவதில்லை. டாக்டரிடம் உடன் செல்லுங்கள். ஆனால் அவருக்குப் பதிலாக நீங்களே எல்லாவற்றையும் பேசிவிடாமல், அவரையும் சொல்ல விடுங்கள்.

சிகிச்சையின் பயனை டாக்டருடன் சேர்ந்து எப்படி அளப்பது? வலி அடியோடு போக வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இரவில் நாலு மணி நேரம் தூங்கியவர் ஆறு மணி நேரம் தூங்கினால், மாடிப்படிக்கு அஞ்சியவர் கைப்பிடியைப் பற்றி இறங்கினால், சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டால், அது வெற்றிதான். முதியவருக்கு வேண்டுவது நடையும் தூக்கமும் தம் வேலையைத் தாமே செய்யும் மதிப்புமே.

உயிரைக் காத்த மருந்து காலில் விட்டுச் சென்ற நோவு இது. அதைச் சொல்வது நன்றி மறப்பதாகாது. ஆகவே, இன்றிரவு கட்டில் ஓரத்தில் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது நம் வீட்டில் இருந்தால், அவர் அருகில் அமர்ந்து, "ஒன்றுமில்லை" என்பதை விடையாக ஏற்றுக்கொள்ளாமல், இன்னொரு முறை கேட்போமாக.